பழைய எஞ்சினுக்குப் புதுக் குரல்

வருசநாட்டுக்காரர்களான நமக்கு ரயில் என்றால் ஆண்டிபட்டி, தேனி வழியே செல்லும் போடி ரயில்தான். 1928-ல் நீராவி எஞ்சினோடு தொடங்கிய அந்த மீட்டர் கேஜ் பாதை, 2010 முடிவில் மூடப்பட்டு, அகலப் பாதையாகி, 2023 ஜூனில் மீண்டும் போடியை எட்டியது. 'குப் குப்' ஓசை மட்டும் திரும்பவில்லை.

மேசைமேல் ஓடும் பழைய மாதிரி எஞ்சினுக்கு அந்த ஓசையைக் கொடுக்க இன்று வழியுண்டு. டீகோடர் என்னும் சிறு மின்பலகையை அதன் கரிப்பெட்டிக்குள் பொருத்துகிறார்கள். நிஜ எஞ்சினின் ஓசை அதில் டிஜிட்டலாகப் பதிந்திருக்கும். சக்கரம் ஒரு சுற்றுக்கு நான்கு 'குப்'. இரண்டு சிலிண்டர் எஞ்சினின் கணக்கு அது.

முதல் போடுமுன் சரக்கைப் பார்ப்பது நம் வழக்கம். இங்கும் அப்படியே. பழைய மாதிரிகள் பலவற்றில் மோட்டாரின் ஒரு முனை அடிச்சட்டத்தோடு இணைந்திருக்கும். அதைப் பிரிக்காவிட்டால் டீகோடர் கருகிவிடும். ஸ்பீக்கரை மூடிய சிறு பெட்டியில் வைக்காவிட்டால் ஓசை எடுபடாது.

மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைப்பாதையில் நீராவி எஞ்சின் இன்னும் ஓடுகிறது. நான்கு சிலிண்டர் கொண்ட அதன் ஓசை தனி ரகம். ஓடும்போதே பதிந்து வைப்பது நல்லது. உருவத்தைப் படம் பார்த்துச் செய்துவிடலாம். நின்றுபோன ஓசையை எந்தச் சந்தையிலும் கொள்முதல் செய்ய முடியாது.