நுண்ணறிவு ஈவு 90: பையன் மந்தமா?

“உங்கள் பையனின் நுண்ணறிவு ஈவு 90” என்று எழுதிக் கொடுத்தால் பெற்றோர் கலங்கிப் போகிறார்கள். இது நூற்றுக்கு வாங்கிய மார்க் அல்ல. உளவியல் மாணவர்கள் புள்ளியியலில் தொடக்கத்திலேயே படிக்கும் பாடம் இது.

டேவிட் வெக்ஸ்லர் 1949-இல் குழந்தைகளுக்காக வெளியிட்ட சோதனையில் சராசரி 100. திட்ட விலக்கம் 15. அதாவது, ஒரே வயதுப் பிள்ளைகள் நூறு பேரில் சுமார் 68 பேர் 85-க்கும் 115-க்கும் இடையில் வருவார்கள். 90 பெற்ற பையனும் அவர்களில் ஒருவனே.

மேலும், மறுமுறை சோதித்தால் சில புள்ளிகள் ஏறலாம், இறங்கலாம். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையிடம் பழகாத மொழியில் கேள்வி கேட்டால், அறிவோடு மொழிப் பழக்கமும் சேர்ந்தே அளக்கப்படும்.

ஆகவே, எண்ணைப் பார்த்துப் பிள்ளையை ஏசாதீர்கள். சோதனை எந்த மொழியில் நடந்தது என்று முதலில் விசாரியுங்கள்.