வாயிற்படியில் இரண்டு ஆண்டுகள்

ஜப்பானிய நகரம் ஒன்றின் புறத்தே, சிறு சிறு வீடுகள் நெருங்கி நிற்கும் ஒரு தெருவை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். மாலை ஐந்து மணி. சைக்கிளில் வந்த இளைஞர் இருவர் ஒரு வீட்டின் முன் இறங்குகின்றனர். இருவரும் அமெரிக்கர். வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, சட்டைப் பையின்மேல் கறுப்பு நிறப் பெயர்ப்பட்டை. மணியை அழுத்துகின்றனர். உள்ளிருந்து ஓர் அம்மையாரின் குரல் கேட்கின்றது. வந்தவருள் இளையவன், தான் மனப்பாடம் செய்து வைத்திருந்த இரண்டு வாக்கியங்களை ஒருவாறு சொல்லி முடிக்கின்றான். "கெக்கோ தெஸ்" என்று மறுமொழி வருகின்றது. அவன் முகம் மலர்கின்றது. 'கெக்கோ' என்றால் 'நன்று' என்று பயிற்சிப் பள்ளியில் படித்தவன் அவன். ஆகவே, கதவு திறக்குமென்று காத்து நிற்கின்றான். மூத்தவனோ அதற்குள் தலை வணங்கிவிட்டுச் சைக்கிளருகே போய்விட்டான். அச்சொல்லுக்கு 'வேண்டா, போதும்' என்றும் பொருளுண்டு. மூடிய கதவுக்கு அப்பாலிருந்து வரும்போது பெரும்பாலும் அதுதான் பொருள். நாம் ஒரு வீட்டை விட்டுப் புறப்படும்போது 'வருகிறேன்' என்கிறோம். தமிழை ஏட்டில் மட்டும் கற்ற அயல்நாட்டார் அதனைக் கேட்டால் திகைப்பார் அல்லரோ? அவ்விளைஞனின் நிலையும் அதுவே.

இவர்கள் மார்மன் சமயத் தூதர்கள். மார்மன் என்பது பிறர் வழங்கிய பெயர். அவர்கள் தம் சபையைப் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்று அழைக்கின்றனர். 1830-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்னும் 24 வயது இளைஞர் தோற்றுவித்த சபை இது. பைபிளோடு, அவ்வாண்டிலேயே அவர் வெளியிட்ட மார்மன் நூலையும் இவர்கள் மறைநூலாகக் கொள்கின்றனர். ஏனைய கிறிஸ்தவ சபைகள் அதனை ஏற்பதில்லை. எதிர்ப்புக்கும் துன்புறுத்தலுக்கும் ஆளாகி 1847-இல் மேற்குத் திசை சென்ற இவர்கள், யூட்டா பகுதியின் உப்பேரிக்கு அருகே சால்ட் லேக் நகரத்தை அமைத்துக்கொண்டனர். ஒருவர் பல மனைவியரை மணக்கும் வழக்கம் இவர்களிடையே இருந்தது. 1890-இல் சபைத் தலைவர் அதனைக் கைவிடும் அறிக்கையை வெளியிட்டார்.

சபை தோன்றிய ஆண்டிலேயே தூது செல்லும் வழக்கமும் தோன்றிவிட்டது. 1837-இல் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகருக்குச் சென்றனர். 1853-இல் ரிச்சர்டு பாலன்டைன் என்பவர் நம் சென்னைக்கும் வந்தார். ஏறத்தாழ ஓராண்டு முயன்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். இன்று உலகெங்கும் இப்பணியில் இருப்போர் 70,000-க்கு மேற்பட்டவர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இருபதை ஒட்டிய வயதினர். இளைஞர்க்கு இரண்டு ஆண்டு, இளம் பெண்களுக்கு ஒன்றரை ஆண்டு என்பது கணக்கு. முன்னர் இளைஞர் 19 வயதில் புறப்பட்டனர். 2012-இல் அது 18 ஆகக் குறைக்கப்பட்டது. அதாவது, இப்பேச்சைக் கேட்கும் மாணவர் பலரின் வயதே அவர்களுக்கும்.

இவர்களுக்குச் சம்பளம் கிடையாது. செலவுப் பணத்தை இவர்களோ இவர்கள் பெற்றோரோதாம் கொடுக்கவேண்டும். பள்ளிப் பருவத்திலேயே இதற்கென்று உண்டியலில் காசு சேர்ப்பவர் உண்டு. பழங்காலத்தில், செலவு மிகுந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டவன் மிகுதியாகவும், குறைந்த நாட்டுக்குப் போனவன் குறைவாகவும் செலவழிக்க நேர்ந்தது. 1991 முதல் அமெரிக்கக் குடும்பங்கள் அனைத்தும் ஒரே தொகை செலுத்தும் முறை வந்தது. 2020-இல் அத்தொகை மாதம் 500 டாலராயிற்று. எந்த நாட்டுக்குப் போவது என்பதும் அவர்கள் விருப்பமன்று. விண்ணப்பம் அனுப்பிய சில வாரங்களில் தலைமையகத்திலிருந்து அழைப்பு வரும். குடும்பத்தார் சூழ்ந்திருக்க அதனைத் திறந்து படிப்பது ஒரு விழாவாகவே நடைபெறும். பிரேசில் என்றும் இருக்கலாம், அடுத்த மாநிலம் என்றும் இருக்கலாம். ஜப்பான் என்று வந்தவன் யூட்டாவின் புரோவோ நகரிலுள்ள பயிற்சி நிலையத்துக்குப் போய், ஏறத்தாழ ஒன்பது வாரம் மொழி பயில்கின்றான். ஸ்பானிய மொழிக்கு அவ்வளவு காலம் தருவதில்லை. ஒன்பது வாரத்தில் ஜப்பானிய மொழி எவ்வளவு வரும் என்பதை அந்த வாயிற்படியில் கண்டோம்.

இனி, அவனுடைய ஒரு நாளைப் பார்ப்போம். காலை 6.30 மணிக்கு எழவேண்டும். அரைமணி நேரம் உடற்பயிற்சி. பின்னர் குளியல், சிற்றுண்டி. எட்டு மணிக்குப் படிப்பு தொடங்கும்: ஒரு மணி நேரம் தனியே மறைநூல், ஒரு மணி நேரம் தோழனோடு கூடி, அதன்மேல் மொழிப் பயிற்சி. காலைப் பொழுதிலேயே வெளியே புறப்பட்டால், இரவு ஒன்பது மணியை ஒட்டித்தான் அறைக்குத் திரும்புவது. 10.30 மணிக்கு விளக்கை அணைக்கவேண்டும். நெடுங்காலம் உலகெங்கும் ஒரே அச்சில் வார்த்தாற்போல் இருந்த இத்திட்டம், 2017-இல் அந்தந்த நாட்டு நிலைமைக்கேற்பச் சிறிது தளர்த்தப்பட்டது. திரைப்படம், கதை நூல், பெண்களோடு நட்புலா எதுவும் இல்லை. வாரத்தில் ஒரு நாளின் பகற்பொழுது மட்டும் சொந்த வேலைக்கு. அன்று துணி துவைத்தல், கடைக்குப் போதல், வீட்டுக்கு எழுதுதல். 2019-ஆம் ஆண்டு வரையில் பெற்றோரோடு தொலைபேசியில் பேசுவது ஆண்டுக்கு இரண்டு முறைதான்: கிறிஸ்துமஸ் நாளிலும் அன்னையர் நாளிலும். அவ்வாண்டு பிப்ரவரியில்தான் வாரந்தோறும் பேச இசைவு கிடைத்தது. அது வருவதற்கு முன் வெளிநாட்டில் நோயுற்றுக் கிடந்த ஒரு மகனின் தாய் எத்தனை இரவு உறங்காமல் இருந்திருப்பாள் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இந்த ஒழுங்குகளுள் எனக்கு வியப்பளிப்பது தோழன் என்னும் ஏற்பாடே. தூதன் எங்கும் தனியே போகக்கூடாது. கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தொலைவில் தோழன் இருக்கவேண்டும். உண்பது, உறங்குவது, கடைத்தெரு, மருத்துவமனை, எங்கும் இருவர். தோழனைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் இல்லை. மிஷன் தலைவர் அமர்த்துகின்றார். பொதுவாக ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமும் துணையும் மாறலாம் என்று அறிவிப்பு வரும். மாறாமல் ஐந்தாறு மாதம் ஒருவனோடேயே கழிவதும் உண்டு. பண்ணையில் வளர்ந்த ஒருவனும் பெருநகரத்தில் வளர்ந்த ஒருவனும், வாயாடியும் ஊமையும், ஓர் அறையில் அடைக்கப்படுகின்றனர். சண்டையிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேற வழியில்லை. வெளியேறினால் இருவருமாகத்தான் வெளியேறவேண்டும்! திருமணமான பின்னும் பலர் அறியாத ஒரு கலையை இப்பையன்கள் இருபது வயதுக்குள் கற்றுக்கொள்ளுகின்றனர். கற்றுக்கொள்ளாமல் மனம் கசந்துபோனவரும் உண்டு.

ஜப்பானில் இவர்களுக்கு இன்னொரு வேடிக்கையான நிலைமை. அமெரிக்காவில் இவர்களுக்கு 'எல்டர்' என்பது பட்டம். மூத்தோர் என்று பொருள். ஜப்பானிய மொழியில் அதனைச் 'சோரோ' என்று பெயர்த்தனர். 'நீண்ட' 'முதுமை' என்னும் இரண்டு எழுத்துகள் சேர்ந்த சொல் அது. மீசை அரும்பும் பையன் தன் மார்பில் 'முதுபெரியவர்' என்று எழுதிக்கொண்டு நிற்பதைக் காணும் பாட்டிமார் நகைப்பதில் வியப்பில்லை. பெண் தூதர்களுக்கு அவ்வளவு சங்கடமில்லை. 'சிமாய்', அதாவது சகோதரி.

அருமையாக ஒரு கதவு திறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது வருகிறது அடுத்த சோதனை. விருந்தினருக்குப் பச்சைத் தேநீர் வார்ப்பது ஜப்பானியப் பண்பாடு. மார்மன்களோ 1833-இல் ஜோசப் ஸ்மித் வகுத்த உணவு நெறிப்படி தேநீர், காப்பி, மது, புகையிலை ஆகிய நான்கையும் நீக்கியவர்கள். காப்பி வேண்டா என்று சொல்லும் விருந்தாளியிடம் நம் வீட்டுப் பெரியவர்கள் காட்டும் மனத்தாங்கலை நாம் அறிவோம். அங்கும் அவ்வாறே. தூதன் தயங்கித் தயங்கி, 'முகிச்சா' இருந்தால் அருந்துவேன் என்பான். முகிச்சா என்பது வறுத்த வாற்கோதுமையை ஊறவைத்து எடுக்கும் நீர். தேயிலை அதில் இல்லை. கோடைக்காலமாயின் பல வீடுகளில் குளிரூட்டிய முகிச்சா ஆயத்தமாக இருக்கும். அவ்வளவில் அன்றைய பேச்சு பிழைத்துக்கொள்ளும்.

ஆயினும் இன்று வீடு வீடாகப் போவது வரவரக் குறைந்துவிட்டது. அடுக்குமாடிக் கட்டடங்களில் உள்ளே நுழையவே முடிவதில்லை. ஆகவே ரயில் நிலையத்தருகே நின்று பேசுதல், செல்பேசியின் வழியே செய்தி அனுப்புதல், சபைக் கூடத்தில் இலவச ஆங்கில வகுப்பு நடத்துதல் ஆகியவற்றில் பொழுதைச் செலவிடுகின்றனர். ஆங்கில வகுப்புக்கு ஆள் வருகிறது. வருபவருள் சமயத்தில் நாட்டமுடையவர் சிலரே.

இந்த ஏமாற்றம் புதியதன்று. 1901-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 12-ஆம் நாள் மார்மன் தூதர் நால்வர் யோக்கோஹாமா துறைமுகத்தில் இறங்கினர். தலைவர் ஹீபர் கிரான்ட், வயது 44, சபையின் உயர்நிலைத் தூதர் பன்னிருவருள் ஒருவர். நால்வருள் இளையவர் ஆல்மா டெய்லர். கப்பலில் இருந்தபோதுதான் அவருக்குப் பத்தொன்பது வயது நிறைந்தது. மொழி ஒருவருக்கும் தெரியாது. அந்நாளில் பயிற்சிப் பள்ளியும் இல்லை. வணிகத்தில் கைதேர்ந்தவரான கிரான்ட், ஜப்பானிய மொழியிடம் தோற்று 1903-இல் ஊர் திரும்பினார். டெய்லர் நின்றுவிட்டார். எட்டாண்டுக்கு மேல் நின்றார். 1904-இல் மார்மன் நூலை ஜப்பானிய மொழியில் பெயர்க்கத் தொடங்கினார். அந்நாளில் ஜப்பானில் பேச்சு நடை வேறு, எழுத்து நடை வேறு. நமக்கு நன்கு விளங்கும் சிக்கல்தான் இது! எந்த நடையில் எழுதினால் மறைநூலுக்குரிய பெருமை நிற்கும் என்பது கேள்வி. தாம் எழுதியதை நம்பிவிடாமல் ஜப்பானிய அறிஞரிடம் கொடுத்துத் திருத்தம் பெற்றார். இகுதா சோகோ என்னும் எழுத்தாளர் அதனைச் செப்பம் செய்தார். 1909-இல் நூல் அச்சேறிற்று. 1910-இல் டெய்லர் நாடு திரும்பினார்.

அந்நூலைக் கையில் ஏந்திய பிறகும் ஜப்பானியர் திரண்டு வரவில்லை. 1901 முதல் 1924 வரை 88 தூதர்கள் அங்கே உழைத்தனர். ஞானஸ்நானம் பெற்றவர் 166 பேர். ஒரு தூதருக்கு இரண்டு பேர் என்றுகூடக் கணக்கு நிரம்பவில்லை. 1923-இல் டோக்கியோவை நிலநடுக்கம் அழித்தது. அடுத்த ஆண்டு அமெரிக்கா ஜப்பானியர் குடியேறுவதைத் தடுத்துச் சட்டம் இயற்ற, அமெரிக்கர்மீது அங்கே வெறுப்பு மூண்டது. 1924-இல் அந்த மிஷன் மூடப்பட்டது. மூட ஆணையிட்ட சபைத் தலைவர் வேறு யாருமல்லர், அதனைத் திறந்து வைத்த அதே ஹீபர் கிரான்ட். போருக்குப் பின் 1948-இல் மீண்டும் திறந்தனர். இன்று பதிவேட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஜப்பானியர் பெயர் உள்ளது. ஞாயிறுதோறும் கூடத்துக்கு வருவோர் அதனினும் மிகக் குறைவு.

எண்ணிக்கையைக் கொண்டு உழைப்பை அளக்கத் தொடங்கினால் என்ன நேரும் என்பதற்கும் இச்சபையின் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் தூதர்கள் சிறுவர்களைப் பேஸ்பால் ஆட்டத்துக்கு அழைத்து, ஆட்டக் குழுவில் சேர்வதுபோலவே ஞானஸ்நானத்தையும் பெறச் செய்தனர். தமக்கு என்ன நடந்தது என்று அறியாத பிள்ளைகள் பலர். மேலிருந்து வந்த எண்ணிக்கை நெருக்கடியே இதற்குக் காரணம். பின்னர் அப்பெயர்களை ஏட்டிலிருந்து நீக்குவதே ஒரு பெரும் வேலையாயிற்று. வீட்டின் கதவைத் தட்டுபவன் எவ்வளவு நல்லெண்ணம் உடையவனாயினும், உள்ளே இருப்பவர்க்கு மறுக்கும் உரிமை முழுமையாக உண்டு என்பதை மறந்த இடத்தில் இத்தகைய கேடு விளைகின்றது. அரசாங்கங்களும் இதில் தலையிடுவதுண்டு. 2016-இல் ரஷ்யா இயற்றிய சட்டத்துக்குப் பின், அங்கிருந்த மார்மன் இளைஞர் 'தொண்டர்' என்னும் பெயரோடு, தெருவில் சமயம் பேசாமல் இருக்க நேர்ந்தது.

இளைஞன் பக்கத்திலும் இழப்பு உண்டு. இரண்டாண்டு முடியுமுன்னே உடல்நோயாலோ மனச்சோர்வாலோ வீடு திரும்புபவன், ஊரார் கண்ணுக்குத் தோற்றவனாகத் தெரிகின்றான். விமான நிலையத்தில் வரவேற்பு அட்டை ஏந்தி நிற்கும் கூட்டம் அவனுக்கு இல்லை. இதனை நான் சிறிய துன்பமாகக் கருதவில்லை. முழுக்காலமும் முடித்தவருள் பலர், எவரையும் சபையில் சேர்க்காவிட்டாலும், ஒரு மொழியையும் ஒரு மக்களையும் தமக்குரியதாக்கிக்கொண்டு திரும்புகின்றனர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வணிகவியல் பேராசிரியராக விளங்கிய கிளேட்டன் கிறிஸ்டென்சன் 1970-களின் தொடக்கத்தில் தென்கொரியாவில் தூதராக இருந்தவர். கொரிய மொழியைச் சரளமாகப் பேசியவர்.

நாம் முதலில் கண்ட இளையவனுக்கும் இரண்டாண்டு நிறைகின்றது. இதற்குள் அவன் புதியவர் இருவர்க்குத் தோழனாக இருந்து, கதவுக்கு அப்பாலிருந்து வரும் 'கெக்கோ தெஸ்' என்பதன் பொருளை அவர்களுக்கும் கற்பித்துவிட்டான். சைக்கிளை அடுத்து வருபவனிடம் ஒப்படைக்கின்றான். விமானம் ஏறி ஊர் வந்து சேர்ந்ததும், அவ்வட்டாரச் சபைத் தலைவரைக் கண்டு பணியிலிருந்து விடுபட்டதாகச் சொல் பெறவேண்டும். அதன் பின்னரே பெயர்ப்பட்டையைக் கழற்றுவது. தாய் சமைத்து வைத்ததை உண்டு, தன் பழைய அறைக்குள் போகின்றான். படுக்கையில் அமர்ந்தவன், பழக்கத்தால், தோழன் எங்கே என்று திரும்பிப் பார்க்கின்றான். இரண்டு ஆண்டில் முதன்முறையாக அன்றிரவு அவன் ஓர் அறையில் தனியே உறங்குகின்றான்.