பாட்டி ஊருக்குப் போகுமுன் அந்தப் பழைய லேப்டாப்பைத் திறங்கள்

நியூ ஜெர்சி எடிசன், கலிபோர்னியா ஃப்ரீமான்ட், டெக்சாஸ் பிளேனோ என்று எங்கே போனாலும் நம்ம வீடுகளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். அலமாரியில் பத்து வருஷப் பழைய லேப்டாப் ஒன்று தூங்கும். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி சமையலறையில் நலங்குப் பாட்டை முணுமுணுப்பார். "இதை ஒழுங்கா ரெக்கார்ட் பண்ணி வைக்கணும்" என்போம். கூடவே, "பிளாக் ஃப்ரைடேல புது லேப்டாப் வாங்கிட்டுப் பண்ணலாம்" என்றும் சொல்லிக்கொள்வோம்.

விசிட்டர் விசாவில் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம்தான். மே தொடக்கத்தில் வந்தவர், நவம்பர் கடைசியில் தள்ளுபடி தொடங்குவதற்குள் விமானம் ஏறிவிடுவார். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. இரண்டு வருஷம் கழித்து அம்மா மறுபடி வந்தபோது, ஒரு பாட்டை முழுசாகப் பாட மூச்சு போதவில்லை. அந்தப் பழைய லேப்டாப்பிலேயே பதிவு செய்தேன். ஒலி நன்றாகத்தான் வந்தது. இதை முந்தின தடவையே செய்திருக்கலாமே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

பாட்டைப் பதிவு செய்வது கணினிக்குப் பெரிய வேலை இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் ஒரு மைக்கின் ஒலி நிமிடத்துக்குச் சுமார் 8.6 எம்.பி. பாட்டு, வயலின், மிருதங்கம், தம்புரா என நான்கு டிராக்கில் பத்து நிமிடம் பதிந்தாலும் 350 எம்.பி. தாண்டாது. நொடிக்கு அரை எம்.பி.க்குச் சற்று மேல். பழைய ஹார்ட் டிஸ்க்கே நொடிக்குச் சுமார் 100 எம்.பி. எழுதும்.

பிறகு ஏன் திணறுகிறது? பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, சுழலும் ஹார்ட் டிஸ்க். கணினி எந்த நேரமும் நூறு சின்னச் சின்ன கோப்புகளைத் தேடிக்கொண்டிருப்பதால் அதற்கு மூச்சு முட்டுகிறது. அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் பழைய லேப்டாப் புதுசு மாதிரி எழுந்து நிற்கும். இரண்டு, 4 ஜி.பி. ரேம். அதை 8 அல்லது 16 ஆக்கினால் போதும். வாங்குமுன் உங்கள் மாடலில் இவற்றை மாற்ற முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2012 முதல் வந்த ரெட்டினா மேக்புக்குகளில் ரேம் போர்டோடு ஒட்டியே இருக்கும், மாற்ற முடியாது. கழற்றுமுன் உள்ளே இருக்கும் படங்களையும் கோப்புகளையும் காப்பி எடுத்துவிடுங்கள்.

அடுத்த பிரச்சினை தாமதம். பாடுகிறவர் தன் குரலைக் கணினி வழியாக ஹெட்போனில் கேட்டால் அது கொஞ்சம் பிந்தி வரும். பஃபர் 1024 என்று வைத்தால் போக வர 40 மில்லி நொடிக்கு மேல். மிருதங்கக்காரர் 14 மீட்டர் தள்ளி உட்கார்ந்து வாசிப்பது போல. தாளம் நிற்காது. பஃபரைக் குறைத்தால் பழைய கணினியில் படபடவென்று வெடிச் சத்தம் வரும். இங்கேதான் பலர் "புதுசு வாங்கணும்" என்று முடிவு கட்டுகிறார்கள். அவசியமில்லை. ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சின்ன யூ.எஸ்.பி. பெட்டிகள் பெரும்பாலானவற்றில் 'டைரக்ட் மானிட்டர்' வசதி உண்டு. குரல் கணினிக்குள் போய்வராமல் நேராகக் காதுக்கு வரும். ஹெட்போன் மட்டும் வயர் உள்ளதாக இருக்கட்டும். புளூடூத்தில் இந்த வேலை ஆகாது.

விண்டோஸ் 10 பற்றியும் கேட்பீர்கள். 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. 2017-க்கு முந்தைய இன்டெல் சிப் உள்ள லேப்டாப்புகளை விண்டோஸ் 11 பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆனால் ரெக்கார்டிங்குக்கு இணையமே தேவையில்லை. வைஃபையை அணைத்துவிட்டு, பதிவு செய்யும் பெட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பேங்க் வேலைக்கு வேறு கணினி. இல்லையென்றால் உபுண்டு ஸ்டுடியோ போன்ற லினக்ஸை இலவசமாகப் போடலாம். மென்பொருளுக்கும் பெரிய செலவில்லை. ஆடாசிட்டி இலவசம். மேக்கில் கராஜ்பேண்ட் இலவசம். ரீப்பர் தனிநபர் உரிமம் 60 டாலர்.

மிச்சப்படும் பணத்தை மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் போடுங்கள். பதிவின் தரத்தை முடிவு செய்வது மைக்கும் அறையும்தான். டெக்சாஸில் ஏ.சி. இரைச்சல், நியூ ஜெர்சி குளிரில் ஹீட்டர் இரைச்சல். பதிவு நேரத்தில் பத்து நிமிடம் அணைத்து வையுங்கள். வீட்டிலேயே நல்ல ஸ்டுடியோ புடவைகள் தொங்கும் வாக்-இன் குளோசெட்தான். துணி எதிரொலியை விழுங்கிவிடும்.

வீட்டில் செய்தது வீட்டோடு நிற்கும் என்று நினைக்க வேண்டாம். ஏ.ஆர்.ரகுமான் 1989-இல் கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டித்தான் பஞ்சதன் ஸ்டுடியோவை அமைத்தார். 1992-இல் 'ரோஜா' வந்தது. அன்றைய மேசைக் கணினிகளைவிட உங்கள் பழைய லேப்டாப் பல மடங்கு வேகமானது. லாஸ் ஏஞ்சலஸில் பில்லி ஐலிஷும் அண்ணன் ஃபினியஸும் பெற்றோர் வீட்டுப் படுக்கையறையில் உருவாக்கிய ஆல்பம், 2020-இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது.

புதுக் கணினியே வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைகள் நூறு டிராக், மென்பொருள் வாத்தியங்கள், வீடியோ எடிட்டிங் என்று இறங்கினால் பழையது தாங்காது. பேட்டரி உப்பியிருந்தால் உடனே பயன்படுத்துவதை நிறுத்துங்கள், அது ஆபத்து. மறுசுழற்சி மையத்தில் கொடுத்துவிடுங்கள். நியூ ஜெர்சியில் 2011 முதல் கணினியைக் குப்பையில் போடச் சட்டத்தில் இடமில்லை.

ஆனால் பாட்டியின் பாட்டுக்கு அதெல்லாம் வேண்டாம். லேப்டாப்பைப் பேரன் பேத்தி கையில் கொடுங்கள். இந்த வேலை நம்மைவிட அவர்களுக்குச் சீக்கிரம் பிடிபடும். பாட்டு முடிந்ததும் ரெக்கார்டிங்கை நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். "இதை எங்க கத்துக்கிட்டீங்க பாட்டி?" என்று கேட்கச் சொல்லுங்கள். பாட்டைவிட அந்தப் பதில் நீளமாக இருக்கும். பதிவை மூன்று இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள், அதில் ஒன்று ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

தள்ளுபடி ஒவ்வொரு நவம்பரிலும் வரும். பாட்டியின் ரிட்டர்ன் டிக்கெட்டில் என்ன தேதி என்று முதலில் பாருங்கள்.