கைப்பேசிக்குள் ஒரு கலியாண வீடு

ஹிஜ்ரி 1445, ஷவ்வால் மாதம். ஆங்கிலக் கணக்கில் 2024 ஏப்ரல் இறுதி. என் தங்கையின் மகளுக்கு அல்லாஹ்வின் பேரருளால் நிக்காஹ் நடந்தேறியது. பேச்சு முடிவானது ரஜபு மாதத்தில். இரு வீட்டுப் பெரியவர்களும் துஆ ஓதி, சர்க்கரையை வாயிலிட்டு எழுந்திருப்பதற்கு முன்னரே, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மருமகன் தன் கைப்பேசியில் ‘கலியாண வீடு’ என்னும் பெயரில் வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்கிவிட்டான். நான் பள்ளிவாசலில் இஷா தொழுதுவிட்டுத் திரும்பும்போது அதில் 73 பேர் சேர்ந்திருந்தனர். கொழும்பிலிருந்து என் சாச்சி மகன், கோலாலம்பூரிலிருந்து மாப்பிள்ளையின் பெரிய வாப்பா, சென்னை மண்ணடியிலிருந்து எவரெவரோ, ஆளுக்கொரு மாஷா அல்லாஹ் அனுப்பியிருந்தனர்.

இராமநாதபுரக் கடற்கரையைச் சேர்ந்த எங்கள் ஊரில் ஒரு கலியாணம் என்றால் ஆறுமாத காலத்துக்குக் கால்கள் ஓய்வதில்லை. உறவுக்காரப் பெண்கள் நால்வர் ஐவராகச் சேர்ந்து, அஸருக்குப் பின் புறப்பட்டு, தெருத்தெருவாகச் சென்று கலியாணம் சொல்வார்கள். யார் வீட்டுக்கு முதலில் போவது, யார் வீட்டுக்கு இருமுறை போவது, எந்த வீட்டில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தே ஆகவேண்டும் என்பதற்கெல்லாம் எழுதப்படாத சட்டங்கள் உண்டு. வாசலில் நின்றே சொல்லிவிட்டு வந்தால் அது அழைப்பாகாது. இந்த ஏற்பாட்டில் அலைச்சல் அதிகம், பெண்களின் பேச்சில் புறமும் கொஞ்சம் கலந்துவிடும், நான் மறுக்கவில்லை. ஆனால் நோயாளியை விசாரிப்பதும், பிணக்குற்றவரோடு பேச வாய்ப்பதும், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அறிவதும் இந்த நடையிலேதான் நிகழ்ந்தன.

இம்முறை மருமகன் அழகான வண்ண அழைப்பிதழ் ஒன்றைக் கணினியிலேயே அமைத்துவிட்டான். பிஸ்மில்லாஹ் தங்க நிறத்தில் ஒளிர்ந்து மறையும்; பின்னர் மணமக்களின் பெயர்கள் மெல்ல விரியும். ஒரு விரல் தட்டலில் ஊரெங்கும் போய்ச் சேர்ந்தது. “மாமா, அச்சுக்கூலி மிச்சம், ஆட்டோ வாடகை மிச்சம்” என்று கணக்குச் சொன்னான். அவன் சொன்னதில் பிழையில்லை. நிக்காஹ்வை எளிமையாக்குங்கள் என்று ஜும்ஆ மேடையில் பேசுகிற நானே அதைக் குறைகூற முடியுமா? மகிழ்ந்து இரண்டு மூன்று பேருக்கு நானும் அனுப்பி வைத்தேன்.

பண்டாரி வந்தபோதுதான் முதல் சிக்கல் எழுந்தது. “எத்தனை சஹன், எத்தனை படி அரிசி?” என்று அவர் கேட்க, மருமகன் கைப்பேசியைப் பார்த்து, “குழுவிலே 212 பேர் சம்மதம் தெரிவிச்சிருக்காங்க” என்றான். எப்படித் தெரிவித்தார்கள் என்று கேட்டார் அவர். கட்டைவிரல் படத்தைக் காட்டினான். நாற்பது ஆண்டுகளாக நெய்ச்சோறு ஆக்கிப் பழகிய அந்த மனிதர் தம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்துவிட்டு, “கட்டை விரலைக் காட்டினவங்க எல்லாம் பந்திக்கு வருவாங்களா, தம்பி? இதிலே பாதிப் பேர் துபாயிலே இருக்காங்களே!” என்றார். கடைசியில் தங்கையும் என் மனைவியும் பழைய முறைப்படி நோட்டில் வீட்டுக்கு வீடு தலைகளை எழுதிக் கணக்குக் கொடுத்தார்கள். வட்டலப்பத்துக்கும் தொதலுக்கும் அந்த நோட்டே ஆதாரமாயிற்று.

இரண்டாவது சிக்கல் அவ்வளவு எளிதில் தீரவில்லை. என் வாப்பாவுடன் பிறந்த மாமி ஒருவர் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். நிக்காஹ்வுக்குப் பத்து நாள் இருக்கையில், அவர் வீட்டுப் பக்கமாகப் போனவன் சலாம் சொல்லி உள்ளே நுழைந்தேன். பதில் சலாம் வந்தது, முகம் வரவில்லை. “தங்கச்சி மகளுக்குக் கலியாணமாமே, வாப்பா? பக்கத்து வீட்டுப் புள்ள சொல்லித்தான் தெரியும்” என்றார். மாமியின் பேரனுக்கு அழைப்பிதழ் அனுப்பியிருந்தோம். அவன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். பார்த்துவிட்டுக் கட்டைவிரல் காட்டியும் இருந்தான்! நான் தயங்கித் தயங்கி அதைச் சொன்னபோது மாமி, “எங்கிட்ட போன் இல்லை, வாசல் இருக்கு” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இந்த மாமியைப் பற்றி வாசகர்களுக்குச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அரபுத் தமிழில் எழுதவும் படிக்கவும் அறிந்த தலைமுறையின் கடைசி ஆட்களில் ஒருவர். அவருடைய உம்மா, கொழும்பில் வணிகம் செய்துவந்த கணவருக்கு அரபு எழுத்தில் தமிழ்க் கடிதங்கள் எழுதியவர். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பெண்கள் குர்ஆன் ஓதக் கற்ற எழுத்தைக் கொண்டே குடும்பத்தின் செய்தித் தொடர்பை நடத்தினார்கள் என்பதைக் கல்லூரியில் வரலாறு படித்த எனக்கு எந்தப் பாடநூலும் சொல்லவில்லை. மாமியின் பெட்டியைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

அதே பெட்டியில் ஒரு தந்தியும் இருக்கிறது. 1990ஆம் ஆண்டு மாமியின் மூத்த மகன் குவைத்தில் இருந்தார். ரபீயுல் அவ்வலில் அவருக்கு நிக்காஹ் என்று நாள் குறித்து, பெண் வீட்டார் பந்தலுக்கு முன்பணமும் கொடுத்திருந்தனர். ஆகஸ்ட் 2 அன்று ஈராக்கியப் படைகள் குவைத்துக்குள் புகுந்தன. தொலைபேசி இல்லை, கடிதம் இல்லை, அன்று குவைத்திலிருந்த இந்தியர்கள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்கள் பாலைவனம் கடந்து ஜோர்தானின் அம்மான் நகர் சேர்ந்து, அங்கிருந்து ஏர் இந்தியா விமானங்களில் பம்பாய்க்குக் கொண்டுவரப்பட்டதை இன்று எல்லோரும் அறிவர். அன்று எங்கள் தெருவுக்கு என்ன தெரியும்? எனக்கு வயது பதினொன்று. மாமி வீட்டு வானொலியைச் சுற்றி இரவெல்லாம் ஆட்கள் அமர்ந்திருந்தது நினைவிருக்கிறது. பெண் வீட்டார் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. தினமும் அஸருக்குப் பின் வந்து மாமியோடு உட்கார்ந்துவிட்டுப் போவார்கள்.

செப்டம்பர் இறுதியில் ஒருநாள் தந்திச் சேவகர் தெருவுக்குள் சைக்கிளைத் திருப்பினார். அந்நாளில் தந்தி என்றாலே மவ்த்துச் செய்தி. பிரித்துப் படிப்பதற்கு முன்னரே வீட்டில் அழுகுரல் எழுந்துவிட்டது. ஆங்கிலம் தெரிந்தவர் என்று என் வாப்பாவை அழைத்து வர ஓடியவன் நான்தான். “பம்பாய் வந்து சேர்ந்தேன். நலம்” என்பதே அதிலிருந்த செய்தி. வாப்பா அதை மூன்று முறை படிக்க வேண்டியிருந்தது. இந்தத் தந்திகளில் ஒரு வசதி இருந்தது. வாழ்த்துச் செய்திகளுக்கு எண் கொடுத்து வைத்திருந்தார்கள். பெருநாள் வாழ்த்துக்கு 2, திருமண வாழ்த்துக்கு 8 என்று எண்ணைச் சொன்னால் போதும், அதற்குரிய வாசகம் போய்ச் சேரும். மாமி மகனின் நிக்காஹ்வுக்கு அவ்வாறு வந்த எட்டாம் எண் தந்திகளைக் கயிற்றில் கோத்து வாசலில் தொங்கவிட்டிருந்தோம். 2013 ஜூலையில் அந்தச் சேவையே நாட்டில் நிறுத்தப்பட்டுவிட்டது.

இத்தகைய மாமிக்கு நாங்கள் விரல் தட்டி அழைப்பு அனுப்பியிருந்தோம். அன்றிரவே தங்கை, என் மனைவி, மணப்பெண்ணின் சாச்சி மூவரும் போய், உட்கார்ந்து, தேத்தண்ணீர் குடித்து, மன்னிப்புக் கேட்டு வந்தார்கள். பிறகு அடுத்த ஒன்பது நாளும் மாலைதோறும் தெருவில் கால்கள் நடந்தன.

இதற்கிடையே பெரும் கவலை ஒன்று எங்களைச் சூழ்ந்தது. பெண்ணின் வாப்பாவாகிய என் மச்சானும் குவைத்தில்தான் இருக்கிறார். விடுப்பு கிடைத்து டிக்கெட்டும் எடுத்திருந்தார். இகாமா புதுப்பிக்கும் வேலை முடியாததால் புறப்பட முடியாது என்று நிக்காஹ்வுக்கு ஆறு நாள் முன்னதாகச் செய்தி வந்தது. தங்கை அழுதாள். நாளைத் தள்ளி வைக்கலாமா என்றனர் சிலர். மருமகனோ, “எதுக்கு மாமா தள்ளணும்? வாப்பா வீடியோவிலே வந்து நிக்காஹ் செய்து கொடுத்துடலாம். கொரோனா நேரத்திலே எத்தனை பேர் செய்தாங்க!” என்றான்.

எங்கள் பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத் அவர்களிடம் போனோம். அவர் கோபப்படவில்லை, சிரிக்கவுமில்லை. நிக்காஹ்வில் வலீ, இரு சாட்சிகள், ஈஜாப், கபூல் ஆகியவை ஒரே சபையில் கூடவேண்டும் என்பதை விளக்கினார். தொலைவிலிருந்து வரும் குரலும் உருவமும் இன்னாருடையதுதான் என்று சாட்சிகள் ஐயமறச் சொல்ல முடியுமா, இணைப்பு நடுவில் அறுந்தால் எந்தச் சொல் கேட்டது எந்தச் சொல் கேட்கவில்லை என்று யார் தீர்ப்பது என்று கேட்டார். 1990 மார்ச்சில் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாதமி, தொலைபேசி போன்ற கருவிகள் வாயிலாக வணிக ஒப்பந்தங்களைச் செய்ய அனுமதித்தபோது, சாட்சிகள் நிபந்தனையாக இருப்பதால் நிக்காஹ்வை அதிலிருந்து விலக்கி வைத்ததையும் எடுத்துக் கூறினார்.

“அதற்காக மச்சான் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வகாலத் இருக்கிறதே!” என்றார். அப்போது அவர் நினைவூட்டிய நிகழ்ச்சியை மதரஸாவில் ஆண்டுதோறும் நானே பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் தேவைப்பட்ட நேரத்தில் என் நினைவுக்கு வரவில்லை. அன்னை உம்மு ஹபீபா (ரலி) அவர்கள் ஹிஜ்ரத் செய்து அபிசீனியாவில் இருந்தார்கள். கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில். நடுவே கடலும் பாலையும். நபியவர்கள் அம்ரிப்னு உமையா (ரலி) அவர்களைத் தூதராக மன்னர் நஜாஷியிடம் அனுப்பினார்கள். உம்மு ஹபீபா (ரலி) தம் உறவினர் காலித் இப்னு ஸயீத் (ரலி) அவர்களை வக்கீலாக நியமித்தார்கள். மஹரை நஜாஷியே கொடுத்தார். 400 தீனார் என்று சீறா நூல்களிலும் 4000 திர்ஹம் என்று ஹதீஸ் நூல்களிலும் வருகிறது. நிக்காஹ் முடிந்ததும் எழப்போனவர்களை அமரச் செய்து அம்மன்னர் விருந்தும் அளித்தார்.

ஆக, மச்சான் தம் உடன்பிறந்த காக்காவை வக்கீலாக நியமித்துக் கைப்பட எழுதி, கையொப்பமிட்டு, அதைப் படமெடுத்து அனுப்பினார். அதோடு விடாமல் ஹஜ்ரத் அவர்கள் ஜமாஅத்தார் இருவரை அருகில் வைத்துக்கொண்டு, மச்சானோடு தொலைபேசியில் பேசி, பெண்ணின் பெயர், மாப்பிள்ளையின் பெயர், மஹர் தொகை யாவற்றையும் அவர் வாயால் சொல்லக் கேட்டு உறுதி செய்துகொண்டார். வகாலத் கொடுப்பதற்குத் தொலைபேசி போதும். நிக்காஹ்வுக்கு ஆள் வேண்டும். மருமகனுக்கு இந்த வேறுபாடு மிகவும் பிடித்துப்போயிற்று. அன்றிரவு குழுவில் அவனே ஒரு நீண்ட விளக்கம் எழுதினான். அதில் இரண்டு பிழைகளைத் திருத்தினேன்.

மருதாணி இரவைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். பெண்கள் மட்டும் கூடியிருந்த அறையில், தலைத்துணி விலக்கிச் சிரித்துக்கொண்டிருந்த மணப்பெண்ணைத் தோழி ஒருத்தி ஆசையாகப் படம் எடுத்திருக்கிறாள். எடுத்தவள் தன் தோழியருக்கு அனுப்புவதாக எண்ணி, ஆண்களும் உள்ள ‘கலியாண வீடு’ குழுவிலே போட்டுவிட்டாள். நான்கு நிமிடத்தில் நீக்கினார்கள். நான்கு நிமிடத்தில் அது எத்தனை கைகளில் இறங்கியதோ, இறைவனே அறிவான். அந்தப் பெண் அன்றிரவு முழுவதும் அழுதாள். மருதாணி பூசிய கையால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை. படமெடுத்த பிள்ளையும் அழுதாள். கெட்ட எண்ணம் எவருக்கும் இல்லை என்பதே இதில் வேதனை.

தங்கை ஒரு முடிவு செய்தாள். நிக்காஹ் அன்று பெண்கள் பகுதியின் வாசலில் வெற்றிலைத் தாம்பாளம் ஒன்றை வைத்து, கைப்பேசிகளை அதில் வைத்துவிட்டு உள்ளே வருமாறு கேட்டுக்கொண்டாள். சிலர் முகம் சுளித்தனர். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் என்ன சொல்வார்களோ என்று நான் அஞ்சினேன். மாப்பிள்ளையின் உம்மாதான் முதலில் தம் கைப்பேசியை எடுத்து வைத்தார்.

நிக்காஹ் அஸருக்குப் பின் பள்ளிவாசலில் நடந்தது. எங்களுக்கு ஐந்து மணி, குவைத்தில் இரண்டரை. மச்சான் வேலைத்தளத்தில் ஓரமாக நின்று வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகன் முக்காலி ஒன்றில் கைப்பேசியைப் பொருத்தி மிஹ்ராபு நோக்கி வைத்திருந்தான். குத்பா முடிந்து, காக்கா மாப்பிள்ளையின் கையைப் பற்றிச் சொல்லத் தொடங்கிய நேரத்தில் இணைப்பு அறுந்தது. திரை உறைந்து நின்றது. மருமகன் பதறிப்போய் என்னைப் பார்த்தான். சபையில் எவரும் திரும்பவில்லை. மாப்பிள்ளை கபூல் சொன்னார். சாட்சிகள் கேட்டார்கள். தப்தரில் கையொப்பமானது. துஆ நடுவில் இருக்கும்போது மச்சானின் முகம் மீண்டும் திரையில் வந்தது. நாங்கள் ஆமீன் சொல்வதைப் பார்த்து, முடிந்துவிட்டது என்று புரிந்துகொண்டு, அவரும் கையேந்தி ஆமீன் சொன்னார்.

அன்று மஃரிபுக்குப் பின் மாமி மருமகனை அழைத்து, “ஒன் வாப்பாவுக்கு நான் சலாம் சொல்லணும், அனுப்பி வை” என்றார். அவன் குரலைப் பதிவு செய்ய ஏற்பாடு செய்ததும், அந்நாளைய டிரங்க்கால் பழக்கத்தில் மாமி தெருவே கேட்கும்படி உரக்கப் பேசினார். “புள்ள கலியாணம் பரக்கத்தா முடிஞ்சுது. நீ சாப்பிட்டியா?” என்று. ஐந்து நிமிடத்தில் குவைத்திலிருந்து பதில் வந்தது. மச்சானுக்குப் பேச்சு வரவில்லை. சலாமுக்குப் பதில் சொல்லி, மாமியிடம் துஆ கேட்டு, நிறுத்திக்கொண்டார். மாமி அதை மூன்று முறை போடச் சொல்லிக் கேட்டார்.

பிறகு மருமகனிடம், “இதை ஒரு கடுதாசியிலே எழுதிக் கொடு. பெட்டியிலே வைக்கணும்” என்றார். அவன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதத் தொடங்கினான்.