வாகனத்தின் கண்ணுக்கும் புரை விழும்!

பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்டு முடியும் இரவு எட்டரை மணிக்குத் திருப்பூர்ச் சாலைகளைக் கவனித்திருப்பீர்கள். பல்லடம் சாலையிலும், காங்கேயம் சாலையிலும், பெருமாநல்லூர்ச் சாலையிலும் ஆண்களும் பெண்களும் கூட்டம் கூட்டமாக வீடு திரும்புகின்றனர். சிலர் சைக்கிளில் செல்கின்றனர். சிலர் கால்நடையாகவே செல்கின்றனர். நகரின் எல்லையைத் தாண்டினால் தெருவிளக்குகளும் குறைந்துவிடுகின்றன. பின்விளக்கு இல்லாத சைக்கிளையும், கறுப்புப் புர்கா அணிந்து சாலையோரம் நடக்கும் பெண்ணையும் ஓட்டுநருக்குக் காட்டித் தருவது அவருடைய வாகனத்தின் முன்விளக்கு ஒன்றே. அந்த விளக்கே மங்கிக் கிடந்தால் என்ன ஆகும்?

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதித்து நிற்பதற்குள், உலர்ந்த சாலையிலேயே ஏறத்தாழ 40 மீட்டர் ஓடிவிடும். அந்தத் தொலைவுக்கு அப்பால் இருப்பவரைக் காட்டாத விளக்கு, எரிந்தும் எரியாத விளக்கே ஆகும்.

உங்கள் வீட்டுக் காரின் முன்விளக்கைப் பகல் வெளிச்சத்தில் அருகே சென்று பாருங்கள். அதன் மேல்மூடி மஞ்சள் படர்ந்தோ, பால் ஊற்றியதுபோல் வெளிறியோ இருக்கிறதா? அதுவே வாகனத்தின் கண்ணில் விழுந்த புரை. கண்புரையைப் போலவே இதுவும் மெல்ல மெல்ல வருவதால், உரியவர் உணர்வதில்லை. "வயதாகிவிட்டது, இரவில் பார்வை சரியில்லை" என்று தம் கண்ணையே குறை சொல்லிக்கொள்வார்.

மங்குவது ஏன்?

அம்பாசடர், பிரீமியர் பத்மினி கார்களின் விளக்கு முகம் கண்ணாடியால் ஆனது. கல் பட்டால் உடையுமே தவிர, அது மஞ்சளாகாது. இன்றைய கார்களில் இருப்பது பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். 1953-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல் என்பவரும், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் டேனியல் ஃபாக்ஸ் என்பவரும் தனித்தனியே இதனைக் கண்டறிந்தனர். அமெரிக்க அரசு 1983-இல் விதியைத் தளர்த்திய பின்னர் பிளாஸ்டிக் முன்விளக்குகள் அங்கே சாலைக்கு வந்தன. பிறகு உலகெங்கும் பரவின. எடை குறைவு, எளிதில் உடையாது, விரும்பிய வடிவில் வார்க்கலாம் என்பவை இதன் நன்மைகள்.

ஆனால் இதற்கு இரண்டு பகைவர்கள் உண்டு. ஒன்று, கீறல், மற்றொன்று, வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர். இவ்விரண்டிலிருந்தும் காப்பதற்காகத் தொழிற்சாலையிலேயே மெல்லிய காப்புப் பூச்சு ஒன்றை மேலே பூசி அனுப்புகின்றனர். ஆண்டுக்கணக்கில் வெயிலில் நின்று நின்று அப்பூச்சு தேய்ந்து உரியத் தொடங்கியதும், கதிர் நேராகப் பிளாஸ்டிக்கைத் தாக்குகிறது. மேற்பரப்பு சிதைந்து மஞ்சளாகிறது. புழுதியும், உப்புத் தண்ணீரில் கழுவுவதால் படியும் வெண்கறையும் சேர்ந்துகொள்கின்றன.

இதன் விளைவு சிறியதன்று. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மங்கிய விளக்குகள் புதிய விளக்கின் வெளிச்சத்தில் 20 விழுக்காடு அளவே தந்தன. முறையாகச் சீர்செய்தபோது அது 70 விழுக்காடு அளவுக்கு உயர்ந்தது. மேலும், மங்கிய மூடி ஒளியைச் சாலையில் குவிக்காமல் நாலாபுறமும் சிதறடிக்கிறது. நமக்கும் தெரியாது, எதிரே வருபவர் கண்ணும் கூசும்.

வெளிச்சம் போதவில்லை என்று அதிக வாட் பல்பை மாட்டுவோர் உண்டு. அது நோய்க்கு மருந்தன்று. அதன் கூடுதல் வெப்பம் மூடியையும் உள்ளிருக்கும் பிரதிபலிப்பானையும் கெடுக்கும்.

வீட்டிலேயே செய்யும் முறை

முதலில், மூடி பிளாஸ்டிக்தானா, புரை வெளிப்புறத்தில்தான் உள்ளதா என்று பாருங்கள். கண்ணாடியை இம்முறையில் தேய்க்கக் கூடாது. உட்புறம் நீர்த்துளி கோத்திருந்தாலோ, மூடியில் விரிசல் ஓடியிருந்தாலோ, உள்ளிருக்கும் வெள்ளிப்பூச்சு கறுத்திருந்தாலோ மேலே தேய்த்துப் பயனில்லை. விளக்கை மாற்றுவதே வழி.

தேவையானவை: பெயின்ட் கடையில் கிடைக்கும் வாட்டர் பேப்பர் 1000, 1500, 2000 ஆகிய எண்களில், மாஸ்கிங் டேப், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு அடங்கிய முன்விளக்குச் சீரமைப்புப் பொட்டலம், துடைக்கத் துணி. துணிக்கு நம் ஊரில் பஞ்சமா? பனியன் வேஸ்ட்டில் சாயமும் அச்சும் இல்லாத வெள்ளைப் பருத்தித் துணியாகத் தேர்ந்தெடுங்கள். தையல் மடிப்பையும் லேபிளையும் வெட்டிவிடுங்கள், அவை கீறும். ஒருமுறை அலசிக் காயவைத்தால் பஞ்சு உதிர்வதும் குறையும்.

ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் தொடங்கினால், வெயில் ஏறுமுன் தேய்ப்பு வேலை முடிந்துவிடும். விளக்கைச் சோப்புநீரால் கழுவுங்கள். போர்த் தண்ணீர் வேண்டாம். நல்ல தண்ணீரே ஏற்றது. சுற்றியுள்ள பெயின்டின்மீது மாஸ்கிங் டேப்பை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டுங்கள்.

1000 எண் தாளை நீரில் நனைத்து, விளக்கையும் ஈரமாக வைத்துக்கொண்டு, இடம் வலமாகச் சீராகத் தேய்க்கவும். மஞ்சள் கலந்த பால் வழியும். அதுவே சிதைந்த பழைய பூச்சு. வழியும் பால் வெண்மையாகும் வரை தேய்க்க வேண்டும். பழைய பூச்சு திட்டுத் திட்டாக நின்றால் பின்னர் அங்கிருந்தே உரியும். இந்நிலையில் விளக்கு முன்னைவிட மங்கலாகத் தெரியும், அஞ்ச வேண்டாம். அடுத்து 1500 எண் தாளால் மேலும் கீழுமாகவும், 2000 எண் தாளால் மீண்டும் இடம் வலமாகவும் தேய்க்கவும். இப்படித் திசையை மாற்றினால்தான் முந்தைய தாளின் கீறல் மறைந்துவிட்டதா என்பது தெரியும். ஒவ்வொரு முறையும் கழுவிவிட்டே அடுத்த தாளை எடுங்கள்.

மெருகு போதாது, காப்பு வேண்டும்

வாசகர்களே! பெரும்பாலோர் ஏமாறும் இடம் இதுதான். பற்பசையைத் தேய்த்தால் பளபளக்கும் என்பார்கள். பளபளக்கவும் செய்யும். பற்பசை மெல்லிய தேய்ப்பான், அவ்வளவே. அது பழைய பூச்சைச் சுரண்டுகிறது. புதிய காப்பைத் தருவதில்லை. குடையைப் பறித்துவிட்டு வெயிலில் நிறுத்துவதற்கு ஒப்பானது அது. சில மாதங்களிலேயே மீண்டும் மஞ்சள் படரும். பெட்ரோல், தின்னர், கொசுவிரட்டி மருந்து ஆகியவற்றைப் பூசுவோரும் உண்டு. இவை பாலிகார்பனேட்டில் நுண்ணிய விரிசல்களை உண்டாக்கும். அறவே தவிர்க்கவும்.

ஆகவே, தேய்த்து முடித்ததும் பொட்டலத்தில் உள்ள காப்புப் பூச்சை அவசியம் பூச வேண்டும். அதற்குமுன் மெருகேற்ற வேண்டுமா என்பதைப் பொட்டலக் குறிப்பின்படி முடிவு செய்யுங்கள். மெருகின் பிசுக்கு நின்றால் சில பூச்சுகள் ஒட்டா. விளக்கை நன்கு உலர்த்தி, பஞ்சுத் தூசி பறக்காத நிழலில், ஒரே திசையில், இடைவெளியின்றி ஒருமுறை பூசுங்கள். குறிப்பில் சொன்ன நேரம் வரை நீர் படாமல் காத்திடுங்கள்.

இதைவிட உறுதியானது, கார் பெயின்டர்கள் அடிக்கும் இருகூட்டுக் கிளியர் கோட். ஆனால் அதன் கடினமாக்கியில் ஐசோசயனேட் என்னும் நச்சுப்பொருள் உண்டு, மூச்சுக்குழலைத் தாக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் அதனைத் தெளிக்கலாகாது. தக்க முகக்கவசம் அணிந்து பணிபுரியும் பட்டறையில் கொடுப்பதே முறை. அங்கே கொடுப்பதாயின் 2000 எண் தாளோடு நிறுத்திவிடுங்கள்; மெருகேற்ற வேண்டாம்.

இறுதியாக, இரவில் சமதளத்தில் சுவரைப் பார்த்துக் காரை நிறுத்தி, டிம் விளக்கைப் போட்டுப் பாருங்கள். ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்துக்குச் சற்றுக் கீழேயே விழ வேண்டும். மேலே ஏறியிருந்தால் மெக்கானிக்கிடம் திருத்திக்கொள்ளுங்கள். தெளிந்த விளக்கு தவறான திசையில் எரிந்தால், எதிரே வருபவருக்கு முன்னிலும் பெருந்தொல்லை.

புதிய விளக்கு வாங்கச் சில ஆயிரம் ரூபாய் ஆகும்; இப்பணிக்குச் சில நூறு ரூபாயும் ஓர் அரை நாளும் போதும். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் நன்மை என்று நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். மங்கிய விளக்கும் அத்தகைய முள்ளே; அது நம் வாசலில், நம் வாகனத்திலேயே இருக்கிறது. வரும் ஞாயிறு விடுமுறையில் பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொண்டு அதனை அகற்றிவிடுங்கள்.