டி.பி. பெட்டிக்குள் ஒரு சாண் மிச்சம்

எலக்ட்ரீஷியன்கள் தங்கள் வேலையைப் படம் எடுத்துப் பகிரும் காலம் இது. அந்தப் படங்களில் அதிகம் பாராட்டப்படுவது, வீட்டு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டி.பி. பெட்டிதான். எல்லா ஒயரும் அளந்து வெட்டப்பட்டு, நேராக இறங்கி, செங்கோணத்தில் மடிந்து, கேபிள் டையால் இறுக்கிக் கட்டப்பட்டு, அந்தந்த எம்சிபிக்குள் நுழைந்திருக்கும். கண்ணுக்கு நிறைவான வேலை. அதற்குப் பின்னால் இருக்கும் பொறுமையை நான் மதிக்கிறேன். ஆனால் டி.பி. மூடி வைக்கப்படும் பெட்டி. மறுபடி அது திறக்கப்படும் நாளில் ஏதோ பழுது வந்திருக்கும். திறப்பவர் பெரும்பாலும் வேறொரு எலக்ட்ரீஷியனாக இருப்பார். அவருக்கு இந்த அழகு கைகொடுக்குமா என்பதுதான் என் கவலை.

பெட்டிக்குள் வரும் பழுதுகளில் மோசமானது தளர்ந்த இணைப்பு. திருகு சரியாக இறுகாவிட்டால் செம்பும் பித்தளையும் தொடும் பரப்பு குறைகிறது. அந்த இடத்தில் மின்தடை ஏறுகிறது. அது 0.1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கீசர் போட்டு 15 ஆம்பியர் ஓடினால், மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்க, 22.5 வாட் வெப்பம் வருகிறது. ரேடியோ பழுது பார்ப்பவர் கையிலிருக்கும் சால்டரிங் அயன் 25 வாட். கிட்டத்தட்ட அத்தனை சூடும் சில மில்லிமீட்டர் இடத்தில்! சூட்டில் செம்பு கறுக்கிறது, மின்தடை இன்னும் ஏறுகிறது, சூடும் கூடுகிறது. எம்சிபி கவனிப்பது மின்னோட்டம் கூடுகிறதா என்பதை. இங்கே அது கூடவில்லை. ஆர்சிசிபி கவனிப்பது கசிவை, கசிவும் இல்லை.

பிரிட்டனில் வீட்டு மின்பெட்டிகள் தீப்பிடித்த சம்பவங்களுக்குப் பிறகு, அந்நாட்டு ஒயரிங் விதியான பிஎஸ் 7671 திருத்தப்பட்டது. 2016 ஜனவரி 1 முதல் வீடுகளில் வைக்கும் பெட்டியின் கூடு எரியாத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும் என்றார்கள். பிளாஸ்டிக் போய் இரும்புத் தகடு வந்தது. அந்தத் தீ விபத்துகளுக்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம் தளர்ந்த இணைப்பு.

கறுத்துப்போன முனையை அப்படியே திரும்பத் திருகக் கூடாது. பளபளப்பான செம்பு தெரியும்வரை இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டித் தள்ளிவிட்டுப் புதிதாக முனை எடுக்க வேண்டும். அங்கேதான் அளந்து வெட்டிய ஒயர் காலை வாரிவிடுகிறது. வெட்டினால் எட்டாது. பிறகென்ன, ஒரு துண்டு ஒயரை முறுக்கிச் சேர்த்து, மேலே இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிப் பெட்டிக்குள் திணிப்பார்கள். ஒரு பலவீனமான இடத்தைச் சரிசெய்யப் போய் இன்னொன்று உருவாகிறது. ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு சாண் நீளம் கூடுதலாக விட்டு, பெட்டியின் ஓரமாக வளைத்து வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

வளையம் விட்டால் அது காயில்போல் வேலை செய்து மின்சாரத்தைத் தடுக்காதா என்று சிலர் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு சுற்று, நமது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குக் காட்டும் தடை ஏறத்தாழ 0.0001 ஓம். அந்தச் சுற்றில் உள்ள 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பின் சொந்த மின்தடையே அதைப்போல் இருபது மடங்குக்கு மேல். பயப்பட ஒன்றுமில்லை.

இறுக்கிக் கட்டுவதற்கு வருவோம். ஒயர்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்தால் சூடு வெளியேற வழியில்லை. சர்வதேச விதியான ஐஇசி 60364, இரண்டு சர்க்யூட்டுகளைச் சேர்த்துக் கட்டினால் ஒயரின் தாங்குதிறனை 80 சதவீதமாகவும், ஒன்பதைக் கட்டினால் 50 சதவீதமாகவும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. எல்லாமே முழு லோடில் ஓடும் நிலைக்கான கணக்கு அது. பெட்டிக்குள் முழ நீளம்தான் இருக்கிறது. எல்இடி விளக்கு லைன்களால் பெரிய கெடுதலும் இல்லை. ஆனால் இரவெல்லாம் ஓடும் ஏசி லைன்களையும் கீசர் லைனையும் ஒரே கட்டாகக் கட்டுவது தவறு. மின்னோட்டத்தை அளக்கும் டாங் டெஸ்டரையும் நினைத்துப் பாருங்கள். ஒற்றை ஒயரை அதன் தாடைக்குள் விட்டால்தான் மின்னோட்டம் தெரியும். லைனும் நியூட்ரலும் சேர்ந்து போனால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்து, மீட்டர் பூஜ்யம் காட்டும். கட்டை அறுக்காமல் அளக்கவே முடியாத பெட்டியில் யார் அளப்பார்கள்?

ஆர்சிசிபி வேலை செய்வதும் இதே தத்துவத்தில்தான். போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் சமமா என்று பார்க்கும். வித்தியாசம் 30 மில்லிஆம்பியரை எட்டினால் விழுந்துவிடும். ஒரு ஆர்சிசிபி வழியே போன லைனின் நியூட்ரல், இன்னொன்றின் நியூட்ரல் லிங்க்கில் போய்ச் சேர்ந்தால் கசிவே இல்லாமல் டிரிப் ஆகும். காரணம் தேடி அலுத்து, கடைசியில் ஆர்சிசிபியையே கழற்றி எறிந்த வீடுகள் உண்டு. உயிர்காக்கும் கருவி போனது ஒரு நியூட்ரல் குழப்பத்தால். இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. அங்கே இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைனில் 230 வோல்ட் இருக்கும். எல்லாம் ஒரே நிறத்தில் ஒரே கட்டாக இருந்தால், எது உயிரோடிருக்கும் ஒயர் என்று கண்ணால் கண்டுபிடிக்க வழியில்லை.

இதையெல்லாம் சொல்வதால் குப்பையாகக் கிடக்கும் பெட்டிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. வலைபோல் சிக்கிய ஒயர்களுக்குள் கைவிடுவது அதைவிடக் கொடுமை. வேண்டியது ஒழுங்கு. மூன்றாவது எம்சிபியின் நியூட்ரல் லிங்க்கிலும் மூன்றாவதாக இருக்கட்டும். ஒயரின் இரு முனையிலும் ஒரே எண் இருக்கட்டும். இன்வெர்ட்டர் ஒயர்கள் தனியே வளைந்து வரட்டும். பலபிரி ஒயருக்கு லக்ஸ் போட்டு கிரிம்ப் செய்யட்டும்; ஈயம் வைத்துக் கெட்டியாக்கினால் திருகின் அழுத்தத்தில் ஈயம் நாளடைவில் நசுங்கி, இணைப்பு தளர்ந்துபோகும்.

புது வீட்டில் ஒயரிங் நடக்கிறதா? மூடி போடுமுன் பெட்டியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த எம்சிபி எந்த அறைக்கு என்ற அட்டையைக் கதவின் உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். ஒரு சாண் ஒயர் மிச்சம் விட்டிருக்கிறாரா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டுக் கூலி கொடுங்கள்.