பிரிட்டன்: சில கைகளில் குவிந்த உள்ளூர் வானொலிகள்

பிரிட்டனில் ஊருக்கு ஒன்றாகத் தொடங்கப்பட்ட தனியார் உள்ளூர் வானொலி நிலையங்களில் பெரும் பகுதி இன்று குளோபல், பாவர் மீடியா என்ற இரு நிறுவனங்களின் வசம் உள்ளது. ஓர் ஊருக்குச் சேவை செய்வதற்கென அளிக்கப்பட்ட உரிமங்கள், நாடு முழுவதற்குமான ஒரே நிகழ்ச்சியைக் கொண்டு செல்லும் குழாய்களாக மாறியது எவ்வாறு?

தொடக்கம்

1972ஆம் ஆண்டின் ஒலிபரப்புச் சட்டம் வரை, பிரிட்டிஷ் மண்ணிலிருந்து சட்டப்படி வானொலி நடத்தும் உரிமை பிபிசியிடம் மட்டுமே இருந்தது. 1973 அக்டோபரில் லண்டனில் எல்பிசியும் கேப்பிடல் ரேடியோவும் தொடங்கின. அவற்றைத் தொடர்ந்து கிளாஸ்கோ, பர்மிங்ஹாம், மான்செஸ்டர் என நகரங்கள்தோறும் நிலையங்கள் தோன்றின. விளம்பர வருமானத்தில் இயங்கினாலும், அந்தந்த ஊரின் செய்தியையும் குரலையும் தர வேண்டும் என்பதே உரிமத்தின் அடிப்படை நிபந்தனையாக இருந்தது.

இணைப்புக்கான காரணம்

வானொலி நிலையத்தின் செலவு, கேட்பவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்து அதிகம் மாறுவதில்லை. சிறிய ஊருக்கும் பெரிய ஊருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு ஒலிப்பதிவுக் கூடமும் ஊழியர்களும் தேவை. ஆனால் வருமானம் ஊரின் அளவைப் பொறுத்தது. ஒரே அறிவிப்பாளரின் குரலைப் பல ஊர்களுக்கு அனுப்பினால் செலவு குறையும். ஒரே பெயரில் பல நிலையங்கள் இருந்தால் நாடு தழுவிய விளம்பரங்களைப் பெறுவதும் எளிது. நலிந்துவந்த சிறு நிலையங்களுக்கு இணைப்பே உயிர் பிழைக்கும் வழியாகத் தோன்றியது.

சட்டமும் படிப்படியாக வழிவிட்டது. எந்த நிறுவனமும் வானொலித் துறையில் 15 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற 1996ஆம் ஆண்டின் வரம்பை 2003ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. உள்ளூர் அளவில் எஞ்சியிருந்த உரிமைக் கட்டுப்பாடுகள் 2011இல் அகற்றப்பட்டன.

2007இல் உருவான குளோபல் நிறுவனம், மறு ஆண்டே அப்போதைய மிகப்பெரிய வானொலிக் குழுமமான ஜிகேப் மீடியாவை வாங்கியது. 2009இல் நார்விச்சின் பிராட்லேண்ட், கென்ட்டின் இன்விக்டா போன்ற பழகிய பெயர்கள் மறைந்து அனைத்தும் "ஹார்ட்" ஆயின. பாவர் நிறுவனம் 2019இல் பல சிறு குழுமங்களை வாங்கியது. மறு ஆண்டு அவற்றின் நிலையங்களில் பல "கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்" என்ற பொதுப் பெயருக்குள் சென்றன.

யாருடைய நலன்?

போட்டியைக் கண்காணிக்கும் அமைப்புகள் இந்த இணைப்புகளை ஆராயாமல் விடவில்லை. ஆனால் அவை எழுப்பிய கேள்வி, விளம்பரம் தருபவர்களுக்கு மாற்று வழி இருக்குமா என்பதே. ரியல், ஸ்மூத் நிலையங்களை குளோபல் வாங்கியபோது, சில பகுதிகளில் நிலையங்களை விற்றுவிடுமாறு 2013இல் உத்தரவிடப்பட்டது. 2014இல் எட்டு நிலையங்களை வாங்கிய கம்யூனிகார்ப் நிறுவனமோ, குளோபலின் பெயர்களையும் நிகழ்ச்சிகளையுமே உரிமம் பெற்று ஒலிபரப்பியது. விளம்பரம் விற்பவர் மாறினார். நேயரின் காதில் விழுந்தது பெரும்பாலும் அதே குரல்தான்.

2020இல் பாவரின் கொள்முதல்கள் ஏற்கப்பட்டபோதும், சிறு நிலையங்களுக்காகத் தேசிய விளம்பரங்களை 10 ஆண்டுகளுக்கு விற்றுத் தர வேண்டும் என்பதே முக்கிய நிபந்தனை. ஊர்ச் செய்தியைத் திரட்ட எத்தனை செய்தியாளர்கள் இருக்க வேண்டும் என்பது போட்டிச் சட்டத்தின் எல்லைக்குள் வருவதில்லை.

அதைக் காக்க வேண்டிய உள்ளூர் நிகழ்ச்சி விதிகளும் தளர்ந்தன. வார நாட்களில் பகல் நேரத்தில் ஏழு மணி நேரம் என்றிருந்த உள்ளூர் ஒலிபரப்பை, மூன்று மணி நேரமாகக் குறைக்க 2018இல் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் அனுமதித்தது. மறு ஆண்டே கேப்பிடல், ஹார்ட் ஆகியவற்றின் ஊர்வாரியான காலை நிகழ்ச்சிகளுக்குப் பதிலாக லண்டனிலிருந்து ஒரே நிகழ்ச்சி வந்தது.

எஞ்சியது

இணையமும் கைப்பேசியும் இசையை இலவசமாகத் தரும் காலத்தில், பழைய விதிகள் நீடித்திருந்தால் பல நிலையங்கள் மூடப்பட்டிருக்கும் என்பது உரிமையாளர்களின் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. பாட்டுக்கும் பேச்சுக்கும் இன்று மாற்று உண்டு. ஆனால் வெள்ளத்தில் எந்தப் பாதை மூடப்பட்டது, நகராட்சி மன்றம் எதை முடிவு செய்தது என்பதை நேரில் அறிந்து சொல்வோருக்கு எளிதில் மாற்று இல்லை.

2024ஆம் ஆண்டின் ஊடகச் சட்டம் இந்த வேறுபாட்டை ஏற்கிறது. உள்ளூர் நிகழ்ச்சிகளுக்கான கட்டாயத்தை அது கைவிடுகிறது. ஆனால் அந்தந்தப் பகுதியிலேயே திரட்டப்பட்ட செய்திகளைத் தர வேண்டும் என்கிறது. அரை நூற்றாண்டுக்கு முன் ஊருக்கென அளிக்கப்பட்ட உரிமத்தில் இன்று ஊருக்கு மிஞ்சியிருப்பது இந்த ஒரு நிபந்தனையே. அதை எவ்வளவு கண்டிப்புடன் நடைமுறைப்படுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தே, "உள்ளூர் வானொலி" என்ற சொல்லுக்கு இனிப் பொருள் இருக்கும்.